24.2.1986 அன்று எடுத்த நஞ்சு

குறிப்பு எண் 1
11 நவம்பர் 2024, திங்கட்கிழமை, காலை மணி 6.40
பொருள்: பணி தொடக்கம்

சனிக்கிழமை பிற்பகல் 3.15-க்கு வந்த கூரியர் பொதியை இன்றுதான் பிரித்தேன். இரண்டு நாள் அதை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை என் மனைவி கோமளா கேலி செய்தாள். திங்கட்கிழமை தொடங்காத வேலை எதுவும் ஒழுங்காக முடிந்ததாக எனக்கு அனுபவம் இல்லை.

அனுப்பியவர் முனைவர் ஷெரின் ஜெபராஜ். நாசரேத்துக்காரர், பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறார். வயது நாற்பதுக்குள் இருக்கலாம் என்பது தொலைபேசிக் குரலை வைத்து நான் செய்த மதிப்பீடு. பாம்பு நஞ்சைப் பற்றி 1970 முதல் இன்றுவரை உலகெங்கும் வெளியான ஆய்வுக் கட்டுரைகளை எண்ணி வகைப்படுத்தி, அந்த ஆராய்ச்சி எந்தத் திசையில் போகிறது என்று சொல்வது அவர் எடுத்துக்கொண்டிருக்கும் பணி. எந்த நாடு, எந்தப் பாம்பு, என்ன நோக்கம், யாரை யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பவற்றை அவர் பார்க்கிறார். புதியவற்றைக் கணினியே எண்ணிவிடுகிறதாம். பழையவை அச்சுத்தாளிலிருந்து படமெடுக்கப்பட்டவை. எழுத்து சிதைந்து, ஆசிரியர் பெயரும் பாம்பின் பெயரும் கணினிக்குப் பிடிபடவில்லை. கண்ணால் பார்த்துச் சரிசெய்ய ஒரு பழைய ஆள் தேவைப்பட்டார்.

நான் விஞ்ஞானி அல்லன். 1971 ஜூன் 14 முதல் 1999 மார்ச் 31 வரை இவ்வூரில் இருந்த நச்சியல் ஆய்வுக்கூடத்தின் ஆவணக் காப்பாளன். ஆய்வுக்கூடம் மூடி இருபத்தைந்து ஆண்டு, ஏழு மாதம், பதினொரு நாள் ஆகின்றன.

அனுப்பப்பட்ட தலைப்புகள் 1,412. கெடு டிசம்பர் 15. அது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையைக் கெடுவாக வைப்பவர்களின் மனப்போக்கு எனக்குப் புரிந்ததில்லை. டிசம்பர் 13, வெள்ளி என்று என் கணக்கில் குறித்துக்கொண்டேன். தலைப்புக்கு ஓர் அட்டை வீதம், நாளொன்றுக்கு 43 அட்டைகள்.

குறிப்பு எண் 2
12 நவம்பர் 2024, செவ்வாய்க்கிழமை, மாலை மணி 5.20

அட்டைகள் 43. தண்ணீர் மோட்டார் பழுது. ஆள் வந்து பார்த்துவிட்டு நாளை வருவதாகச் சொன்னான்.

குறிப்பு எண் 3
15 நவம்பர் 2024, வெள்ளிக்கிழமை, மாலை மணி 5.45
பொருள்: வகைப்பாடு குறித்து

அட்டைகள் 44. மொத்தம் 216. ஐந்து நாளில் ஒரு சாயல் தெரிகிறது. என் முன் உள்ளவற்றில் பாதிக்குமேல் நஞ்சுக்குள் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன, அவற்றிலிருந்து இரத்த அழுத்தத்துக்கும் உறைவுக்கும் வலிக்கும் மருந்து எடுக்க முடியுமா என்பதைப் பற்றியவை. பாம்பு கடித்த மனிதனைப் பற்றியவை கீழ்வரிசையில் ஒரு சிறு கட்டாக இருக்கின்றன. 2017-இல் உலகச் சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்த பிறகு இந்தக் கட்டு பருக்கிறது என்று ஷெரின் சொல்கிறார்.

நான் காலையில் விழுங்கும் இரத்த அழுத்த மாத்திரையின் வகையே பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து தொடங்கியது என்று கோமளாவிடம் சொன்னேன். தோசையைத் திருப்பிக்கொண்டே, "அப்ப பதினஞ்சு வருஷமா பாம்பு விஷத்தத்தான் முழுங்குறீங்களா? அதான் பேச்சு இந்த லட்சணத்துல இருக்கு," என்றாள். பதினான்கு வருடம் என்று திருத்தினேன்.

குறிப்பு எண் 4
18 நவம்பர் 2024, திங்கட்கிழமை, பிற்பகல் மணி 2.10
பொருள்: வரைபடம்

காலை 11.30-க்கு ஷெரினிடமிருந்து ஒரு பெரிய வண்ணத்தாள் வந்தது. ஒவ்வொரு கட்டுரையும் ஒரு வட்டம். எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டினார்களோ அந்த அளவுக்கு வட்டம் பெரிது. வட்டங்களுக்கிடையே நூல்போலக் கோடுகள். தாளின் இடப்பக்க மூலையில், கடுகு கடுகாகச் சிதறிய புள்ளிகளின் நடுவே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பச்சை வட்டம். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். எதிராஜ், திருவேங்கடம், 1987.

டாக்டர் எதிராஜ் எங்கள் இயக்குநர். 2003 ஆகஸ்டு 9 அன்று காலமானார். திருவேங்கடம் நான். சுருட்டை விரியனின் வடக்கத்தி நஞ்சும் தெற்கத்தி நஞ்சும் செயலில் ஒன்றே என்று காட்டிய சிறு கட்டுரை அது. நாலரைப் பக்கம். பதிவேடுகளை நான் காத்த ஒழுங்கைப் பாராட்டி அவராகவே என் பெயரைச் சேர்த்தார். என் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு முறைதான்.

ஷெரின் 12.05-க்கு அழைத்தார். அந்த மூலைக்கே அக்கட்டுரைதான் வேர் என்றும் 231 பேர் அதை எடுத்தாண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். மகிழ்ச்சி என்றேன். பிறகு சற்றுத் தயங்கிச் சொன்னார்:

"சார், புதுசா வர்ற ரிசல்ட் எல்லாம் ராஜஸ்தான் சுருட்டையோட விஷம் வேறங்குது. நம்ம ஊர் விஷத்த வச்சுச் செஞ்ச மருந்து அங்க சரியா கேக்கலங்குது. ஒங்க பேப்பர் மட்டும்தான் ரெண்டும் ஒண்ணுங்குது. ஒங்கள்ட்ட பழைய ரெஜிஸ்டர் இருக்கா சார்? எத்தன பாம்பு, என்னைக்கு எடுத்தது, எவ்வளவு எடை. அது போதும்."

வடமாநிலங்களில் தனியாக நஞ்சு சேகரிப்பு நிலையம் வேண்டுமா என்று ஒரு குழு ஆராய்கிறதாம். இவருடைய அறிக்கை அதன் முன் வைக்கப்படும். வேண்டாம் என்போர் கையில் பிடித்திருப்பது எங்கள் கட்டுரையை. ஆகவேதான் கெடு.

ஆய்வுக்கூடம் மூடியபோது பல ஆவணங்கள் கரையானுக்குப் போயின என்று தெரிவித்தேன். தேடிப் பார்ப்பதாகச் சொன்னேன்.

அட்டைகள் 19.

குறிப்பு எண் 5
19 நவம்பர் 2024, செவ்வாய்க்கிழமை, காலை மணி 10.00

பீரோவுக்கு அந்துருண்டை இரண்டு பொட்டலம் வாங்கி வைத்தேன். கீழ்த்தட்டில் பதிவேடுகள் 1 முதல் 12 வரை ஈரமின்றி, முதுகு பிரியாமல், நன்றாக உள்ளன.

குறிப்பு எண் 6
22 நவம்பர் 2024, வெள்ளிக்கிழமை, மாலை மணி 6.00

அட்டைகளை இரு முறை எண்ணினேன். முதலில் 455, பிறகு 452. இப்படி எனக்கு நேர்ந்ததில்லை. மூன்றாம் முறை எண்ணப் போனபோது கோமளா விளக்குமாற்றோடு வந்து நின்றாள். நேற்றிரவும் முந்தாநாளும் நான் தூக்கத்தில் தேதி சொன்னதாகக் கூறினாள். என்ன தேதி என்று கேட்டேன். "அதையெல்லாம் நானா எழுதி வெப்பேன்?" என்றாள்.

மருத்துவர் ரத்த அழுத்தம் 170/96 என்றார். மாத்திரையை இரண்டாக்கியிருக்கிறார்.

குறிப்பு எண் 7
25 நவம்பர் 2024, திங்கட்கிழமை, மாலை மணி 4.30
பொருள்: வரிசை எண் 1,163

வரிசையை மாற்றி, இந்திய மருத்துவ அறிக்கைகளை முதலில் முடித்துவிடலாம் என்று எடுத்தேன். ஏன் மாற்றினேன் என்று விளக்க முடியாது. வரிசையை மாற்றுவது என் வழக்கமன்று.

1,163: ஒரு வடமாநில மருத்துவமனை, 1994. பெண், வயது 26, உப்பளத் தொழிலாளி. வலது கணுக்காலில் கடி. பாம்பு கொன்று கொண்டுவரப்பட்டது, சுருட்டை விரியன். முதல் நாள் விஷமுறிவு மருந்து 8 குப்பி. இரண்டாம் நாளும் இரத்தம் உறையவில்லை; மேலும் 10. மூன்றாம் நாள் 10. நான்காம் நாள் 6. ஆறாம் நாள் காலை மரணம்.

மருத்துவர்கள் வியப்போடு ஒரு பத்தி எழுதியிருக்கிறார்கள். மருந்தில் ஐயம் கொள்ள இடமில்லை. வட, தென் நஞ்சுகள் ஒன்றே என்பது நிறுவப்பட்டிருப்பதால் அளவைக் கூட்டிக்கொண்டே போனோம் என்கிறார்கள். அவ்விடத்தில் சிறு எண் 9. கடைசிப் பக்கத்தில் 9-ஆவது மேற்கோளைப் பார்த்தேன்.

அட்டையில் ஆண்டு எழுதினேன், நாடு எழுதினேன், பாம்பின் பெயர் எழுதினேன். நோக்கம் என்ற கட்டத்தில் எழுதவில்லை. பேனாவில் மை இருந்தது.

குறிப்பு எண் 8
26 நவம்பர் 2024, செவ்வாய்க்கிழமை, காலை மணி 7.15
பொருள்: பிப்ரவரி 1986 குறித்து ஒரு விளக்கம்

யாரும் கேட்கவில்லை, ஆயினும் ஒழுங்குக்காக எழுதி வைக்கிறேன்.

எங்கள் முறை இது. பிடிக்கப்பட்ட ஒவ்வொரு பாம்பும் ஒரு மண்பானையில் இருக்கும். வாயில் துணி கட்டி, கழுத்தில் ஒரு சீட்டு: பிடித்த நாள், இடம், இனம். வாரம் ஒரு முறை இருளர் தொழிலாளர்கள் நஞ்சு எடுப்பார்கள். உறையவைத்து உலர்த்தி, எடை போட்டு, குப்பியிலிட்டு, பதிவேட்டில் நான் ஏற்றுவேன். மூன்று வாரம் கழிந்ததும் வயிற்றுச் செதிலில் ஓர் அடையாள வெட்டு வைத்துப் பிடித்த காட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

1986 பிப்ரவரியில் ராஜஸ்தானிலிருந்து பதினொரு சுருட்டை விரியன்கள் ரயிலில் அனுப்பப்பட்டன. பெட்டி 20-ஆம் தேதி வியாழனன்று ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. பயணத்தில் ஒன்பது இறந்திருந்தன. மற்ற இரண்டும் 22, சனிக்கிழமை இறந்தன. இயக்குநர் அப்போது டெல்லியில் இருந்தார். 28, வெள்ளியன்று திரும்பினார். அறை வாசலில் நின்றபடி, "திருவேங்கடம், திங்கட்கிழமை வடக்கு ஒண்ணு, தெற்கு ஒண்ணு, ரெண்டு குப்பியும் என் மேசையில இருக்கணும்," என்றார்.

அவர் கூர்மையானவர். நிலைமை தெரியாமல் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். மேலதிகாரி ஒன்றை வாய்விட்டுச் சொல்லாமல் சொல்லும்போது கீழ் உள்ளவன் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு குப்பிகள் மேசையில் இருந்தன.

முப்பத்தெட்டு ஆண்டுகளாக நான் இதை இவ்வாறே புரிந்துவைத்திருக்கிறேன்.

குறிப்பு எண் 9
30 நவம்பர் 2024, சனிக்கிழமை, காலை மணி 9.30

புயல் மழை. மின்சாரம் இல்லை. கூரியர் இல்லை. தொலைபேசியும் இல்லை. நிம்மதியாக இருந்தது என்று எழுதலாமா என்று தெரியவில்லை.

குறிப்பு எண் 10
3 டிசம்பர் 2024, செவ்வாய்க்கிழமை, பகல் மணி 12.40

ஷெரின் அழைத்தார். மழையில் நாங்கள் நலமா என்றுதான் முதலில் கேட்டார். அட்டைகள் 700-ஐக்கூடத் தொடவில்லை என்பதற்காக அவர் கடிந்திருக்கலாம், கடியவில்லை. பதிவேடு கிடைக்கவில்லை என்றேன்.

"பரவால்ல சார். அப்போ ஐயப்பட முகாந்தரம் இல்லன்னு எழுதிடுதேன். ரெக்கார்டு வச்சவங்க நீங்கன்னு எல்லாரும் சொல்லுதாங்க. ஒங்க கை பட்டா தேதி தப்பாதாம்."

நன்றி என்று சொல்லி வைத்துவிட்டேன். பேசிக்கொண்டிருந்தபோது என் இடது கை 1986-க்கான பதிவேடு 7-இன் மேல் இருந்ததைக் கோமளா வாசற்படியிலிருந்து பார்த்தாள். அவள் கேட்காதது நல்லதன்று.

குறிப்பு எண் 11
5 டிசம்பர் 2024, வியாழக்கிழமை, மாலை மணி 6.30
பொருள்: எல்லப்பனைச் சந்தித்தது

காலை 9.10 பேருந்தில் திருக்கழுக்குன்றம் சென்று, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர் போனேன். 1986-இல் எங்கள் ஆய்வுக்கூடத்தில் நஞ்சு எடுத்தவர்களில் உயிரோடு இருப்பவர் எல்லப்பன் ஒருவர்தான். எழுபத்து நாலு வயது. வலது கையின் இரண்டு விரல்கள் 1979-இல் ஒரு கண்ணாடி விரியன் கடித்ததிலிருந்து மடங்காமல் நிற்கின்றன. கொட்டகையின்மேல் புயலில் பிய்ந்த தகரத்தை வேப்பமரத்துக் கிளையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

"ரெஜிஸ்டர் சாரா? பொழுது விடிஞ்சதும் காக்கா கத்திச்சு. நான் எலெக்சன் ஆளுங்களோன்னு பாத்தேன்," என்றார். பேத்தி தேநீர் கொண்டுவந்தாள். என்ன காரியமாக வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. புயலைப் பற்றியும், ஏரிக்கரையில் எலிகள் பெருத்ததைப் பற்றியும், என் முழங்காலைப் பற்றியும் கேட்டார். இருபது நிமிடம் கழித்து நானே தொடங்கவேண்டியிருந்தது. வடக்கிலிருந்து வந்த பெட்டி நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

நினைவிருந்தது. பெட்டியைத் திறந்தபோது அடித்த வாடை, ஒட்டிக்கிடந்த ஒன்பது, புளியமரத்தடியில் புதைத்த குழி எல்லாவற்றையும் சொன்னார். சனிக்கிழமை மற்ற இரண்டும் செத்ததும் பானைச் சீட்டுகளை அவிழ்த்து என் மேசையில் வைத்ததையும் சொன்னார்.

நான் அந்த வேலைக்குத்தான் போனேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். யாராவது வந்து கேட்டால் எல்லப்பன் என்ன சொல்வார் என்று அறிந்துகொள்ளப் போனேன். முடிந்தால், வயதாகிவிட்டது, எதுவும் நினைவில்லை என்று சொல்லச் சொல்லலாம் என்று போனேன். அதைக் கேட்க வாயெடுக்கும் முன்னர் அவர் சொன்னார்:

"பெரிய டாக்டர்கூட ஒரு தபா கேட்டாரே."

எப்போது என்றேன். கட்டுரை வெளியாகி ஓராண்டு கழித்து வெளிநாட்டிலிருந்து யாரோ கேள்வி கேட்டு எழுதினார்களாம். இயக்குநர் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பானை அறைக்கே வந்தாராம். நான் அன்று விடுப்பு. எனக்குத் தெரியாது.

"எல்லப்பா, இருபத்திநாலாந்தேதி வடக்கத்தி பாம்புல நீதான விஷம் எடுத்தன்னாரு. எனக்குப் படிக்கத்தான் தெரியாது சார். இருபத்திநாலாந்தேதி மாசி மகம்னு தெரியும். எங்க சனம் மொத்தமும் மாமல்லபுரத்துல மணல்ல குந்தினு கன்னிமார கூப்பிட்டுனு இருந்தோம். மூணு நாளு ஒரு பானைய தொறக்க ஆளில்ல. நீங்க தேதி எழுதுற ஆளு, இத மறந்துட்டீங்களே."

மறந்திருந்தேன். அன்று திங்கட்கிழமை, வேலை நாள். நாள்காட்டியில் அரசு விடுமுறைகள் சிவப்பில் அச்சாகியிருந்தன. மாசி மகம் கறுப்பில் இருந்தது. நான் கறுப்பைப் பார்த்து, பதிவேட்டில் அந்தத் தேதியை இட்டு, விஷம் எடுத்தவர் என்ற கட்டத்தில் எல்லப்பன் பெயரை எழுதினேன்.

அவரிடம் என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன்.

"எடுத்தேன் சார்னு சொன்னேன்."

"ஏன்யா?"

"எம் பேரு போட்டு நீங்க எழுதிகீறீங்க. நான் இல்லன்னா உங்க வேல பூடும். ரெண்டு பொண்ணு அப்ப உங்களுக்கு. அவரு சிரிச்சாரு. திருவேங்கடம் எழுதினா சரியாத்தான் இருக்கும், நான்தான் வீணா சந்தேகப்பட்டேன்னு சொல்லிட்டுப் போனாரு."

இயக்குநர் அறிந்திருக்கவில்லை. வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லாமல் சொல்லவில்லை. இரண்டு குப்பிகள் வேண்டும் என்றார். இரண்டு குப்பிகள் இருக்கின்றன என்று நம்பியதால் கேட்டார்.

தேநீர் ஆறிப்போனது. எல்லப்பன் கயிற்றின் முடிச்சை இறுக்கியபடி, என் பக்கம் திரும்பாமல் மேலும் ஒன்று சொன்னார்.

"அது போவட்டும். அந்தப் பெட்டி ரெண்டு நாளு ரயிலடி கொட்டாயில கெடந்திச்சே, அதுதான் எனக்கு ஆறல. நான் செவ்வாக்கெழமயே வண்டி இட்டுனு வந்தேன். உள்ள சத்தம் கேட்டுச்சு சார். எல்லாம் உயிரோட சொரசொரன்னு ஒரசிக்கினு இருந்துச்சு. காயிதத்துல தேதி தப்புன்னு நீங்கதான் வாங்க மாட்டேன்னுட்டீங்க."

வந்த காரியத்தைச் சொல்லாமலே எழுந்தேன். பிறகு உட்கார்ந்து, உப்பளத்துப் பெண்ணைப் பற்றியும் குழுவைப் பற்றியும் சொன்னேன். இப்போது எழுதினால் யாருக்காவது ஆகுமா என்று கேட்டார். அந்தப் பகுதிப் பாம்பின் நஞ்சிலிருந்தே அந்தப் பகுதிக்கு மருந்து செய்யக்கூடும் என்றேன். "அப்ப அங்க பாம்பு புடிக்க ஆள் எடுப்பாங்க. அங்கயும் எங்கள மாதிரி சனம் இருக்குமில்ல," என்றார். பொய் சொன்னதை எழுதித் தரச் சம்மதமா என்று கேட்டேன். கையெழுத்துப் போடத் தெரியும் என்றும், மூன்று வருடத்துக்கு முன் பேத்தி கற்றுக்கொடுத்தாள் என்றும், ஆனால் எழுத்து கொஞ்சம் பெரிதாக வரும் என்றும் சொன்னார்.

குறிப்பு எண் 12
6 டிசம்பர் 2024, வெள்ளிக்கிழமை

அட்டைகள் இல்லை. நேரம் பார்க்கவில்லை.

குறிப்பு எண் 13
9 டிசம்பர் 2024, திங்கட்கிழமை, காலை மணி 8.20
பொருள்: கோமளாவிடம் தெரிவித்தது

காலை உணவுக்குப் பின் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்களா என்று கேட்டாள். கட்டுரையையே திரும்பப் பெறுவார்கள், டாக்டர் பெயரும் அதோடு போகும் என்றேன். அவர் மனைவி உயிரோடு இல்லை. அவர் மகளுக்கு இன்று கடிதம் எழுதவேண்டும் என்று சொன்னேன். தலையசைத்தாள். நம் பெண்களுக்கும் சொல்லவேண்டும் என்றாள். மாப்பிள்ளைகள் முன்னிலையில் வேண்டாம் என்றேன். "அவங்க முன்னாடிதான் சொல்லணும்," என்றாள்.

கீரை முடிந்தபின் கேட்டாள்:

"அந்தப் பொண்ணு பேரென்ன?"

"மருத்துவ அறிக்கையில பேர் போட மாட்டாங்க."

"பிள்ளைங்க இருந்துச்சா?"

"அதுவும் போட மாட்டாங்க."

"எல்லாத்துக்கும் எண் போடத் தெரியுது," என்று சொல்லிவிட்டுக் காம்புகளை வாரிக்கொண்டு உள்ளே போனாள். மதியம் சோறு போட்டபோது, பதிவேட்டைத் தபாலில் அனுப்பவேண்டாம், ஷெரின் கையிலேயே கொடுக்கவேண்டும், தானும் பெங்களூருக்கு வருவதாகச் சொன்னாள். சதாப்தி ரயிலில் டிசம்பர் 12, வியாழனுக்கு இரண்டு இடம் கிடைத்தது.

(மேற்கண்ட கடைசி இரண்டு வாக்கியங்கள் பிற்பகல் 3.00 மணிக்குச் சேர்க்கப்பட்டவை.)

குறிப்பு எண் 14
11 டிசம்பர் 2024, புதன்கிழமை, காலை மணி 11.00
பொருள்: கடிதம்

முனைவர் ஷெரின் ஜெபராஜ் அவர்களுக்கு,

வணக்கம். நான்கு முறை கிழித்து, ஐந்தாம் முறை எழுதுகிறேன். நான்கிலும் நியாயங்கள் இருந்தன.

பதிவேடு 7 கரையானுக்குப் போகவில்லை. நவம்பர் 18 அன்றும் டிசம்பர் 3 அன்றும் தங்களிடம் நான் கூறியவை உண்மையல்ல. அது என் வீட்டில் 1999 மார்ச் 31 முதல் இருக்கிறது.

1987-ஆம் ஆண்டுக் கட்டுரையில் வட மாதிரி என்று குறிக்கப்பட்ட நஞ்சு வடக்கத்தி நஞ்சன்று. 1986 மார்ச் 1, சனிக்கிழமை பிற்பகல், தென் மாதிரிக் குப்பியிலிருந்து 11.2 மில்லிகிராமை வேறொரு குப்பிக்கு மாற்றி, அதன்மேல் வடக்கு என்று எழுதி ஒட்டி, 24.2.1986 அன்று எல்லப்பன் எடுத்ததாகப் பதிவேட்டில் ஏற்றினேன். இரண்டும் ஒன்றாக இருந்ததற்கு அதுவே காரணம். ஒன்றையே இரண்டு முறை சோதித்திருக்கிறார்கள். அறையில் நான் மட்டும் இருந்தேன். டாக்டர் எதிராஜ் இதை அறியமாட்டார். ஓராண்டுக்குப்பின் ஐயுற்று விசாரித்தார். என்மேல் இருந்த நம்பிக்கையால் ஐயத்தைக் கைவிட்டார். தங்கள் அறிக்கையில் அவரைப் பற்றி எழுத நேர்ந்தால் இந்த வரியையும் சேர்த்து எழுதும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு முந்தைய தவறும் என்னுடையதே. பாம்புகள் பயணத்தில் இறக்கவில்லை. பெட்டி 1986 பிப்ரவரி 18, செவ்வாயன்று இவ்வூர் ரயில் நிலையத்துக்கு உயிருள்ள பதினொரு பாம்புகளோடு வந்து சேர்ந்தது. அனுப்புதல் சீட்டில் 15.2.1985 என்று இருந்தது. ஆண்டு தவறு. பெட்டியைப் பெற மறுத்து, திருத்திய சீட்டு வேண்டுமென்று தந்தி கொடுத்தேன். பதில் வியாழனன்று வந்தது. இடைப்பட்ட இரண்டு நாளும் பெட்டி தகரக் கொட்டகையில் கிடந்தது. இறந்தவை எத்தனை, ஏன் என்று இயக்குநர் கேட்டுவிடுவார் என்ற அச்சத்தில்தான் மார்ச் 1 அன்று அந்தக் குப்பியை நிரப்பினேன். வேறு காரணம் இல்லை. புகழுக்காகச் செய்யவில்லை என்று எழுத நினைத்தேன். ஆனால் கட்டுரை அச்சில் வந்தபோது பதினாறு பிரதி வாங்கினேன்.

1,412 அட்டைகளில் 688 மட்டுமே முடிந்துள்ளன. ஒப்புக்கொண்ட பணியை முடிக்காமல் தருவது இதுவே முதல் முறை. வேறொருவரிடம் கொடுத்து, நான் எழுதியவற்றையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இக்கடிதத்தை நாளை, டிசம்பர் 12 அன்று, நண்பகல் வாக்கில் என் மனைவியுடன் தங்கள் அலுவலகத்துக்கு வந்து நேரில் தருகிறேன். குழுவின் முன் நேரில் கூறவேண்டுமெனில் அதற்கும் வருவேன்.

இப்படிக்கு,
வே. திருவேங்கடம்

இணைப்புகள்:

1. பதிவேடு 7, மூலப் பிரதி, 1985 அக்டோபர் முதல் 1986 ஜூலை வரை, பக்கம் 1 முதல் 192. நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

2. திரு. எல்லப்பனின் வாக்குமூலம், ஒரு தாள். அவர் சொல்லச் சொல்ல அவர் பேத்தி எழுதியது. கையொப்பம் இரண்டு வரி உயரம் உள்ளது.

3. முடிந்த அட்டைகள் 688. அவற்றுள் எண் 1,163-இல் நோக்கம் என்ற கட்டம் காலி.

4. இந்நாட்குறிப்பின் குறிப்பு எண் 1 முதல் 13 வரை, தையலிலிருந்து பிரித்தவை.

5. பதிவேடு 7, பக்கம் 121-க்கான திருத்தத் தாள், இன்றைய தேதியிட்டது. அதன் விவரம்:
நாள்: 24.2.1986, திங்கட்கிழமை, மாசி மகம்.
இனம்: சுருட்டை விரியன், வடக்கு.
உயிருடன் இருந்தவை: இல்லை.
விஷம் எடுத்தவர்: எவருமில்லை.
எடை: இல்லை.
பெட்டியை நிறுத்திவைத்தவர்: வே. திருவேங்கடம்.
குப்பியை நிரப்பியவர்: வே. திருவேங்கடம்.